பச்சை பிடித்த வெள்ளிக்காசு

துப்பறிவாளரிடம் வந்தவள் உட்காரவே மறுத்தாள். முந்தாநாள் மதியம் அவள் அண்ணனை யாரோ இரும்பு முக்காலியால் அடித்தே கொன்றிருந்தார்கள். உயிர் போன பிறகும் அடி ஓயவில்லை. முகம் என்று ஒன்று மிஞ்சவில்லை. போலீஸ் பிடித்து வைத்திருந்ததோ அவள் கணவனை. மச்சான்கள் இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது தெருவுக்கே தெரியும்.

"அண்ணன் போயிட்டான். இவரும் உள்ள போயிட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

அண்ணன் வீட்டுச் சுவரில் ரத்தம் விட்டம்வரை தெறித்திருந்தது. மேசையில் மட்டும் பன்னிரண்டு பழைய வெள்ளிக்காசுகள், புத்தம்புது காகித உறைகளில், வரிசை குலையாமல் இருந்தன. காசு போகவில்லை, அப்படியானால் குடும்பப் பகைதான் என்று துப்பறிவாளரின் உதவியாளர் துள்ளினார். அவரை ஓர் அறை விடலாமா என்றிருந்தது அவளுக்கு.

அண்ணன் காசுகளை எதில் வைத்திருந்தான் என்று துப்பறிவாளர் கேட்டார். பிளாஸ்டிக் உறையில்தான், பச்சை பிடிக்கிறதென்று சொல்லியும் கேட்கவில்லை என்றாள். அவர் சமையலறைக் குப்பைக்கூடையைக் கவிழ்த்தார். பன்னிரண்டு பிளாஸ்டிக் உறைகள் விழுந்தன, எல்லாவற்றிலும் ரத்தத் துளிகள்.

மாலையில் இன்ஸ்பெக்டர் அறைக்கு அவளோடு அவள் கணவனையும், அண்ணனுக்கு அந்தக் காசுகளை விற்ற கடைக்காரரையும் வரவழைத்தார்கள்.

"ரத்தம் பிளாஸ்டிக் மேல இருக்கு, காகிதத்து மேல ஒரு பொட்டுகூட இல்ல," என்றார் துப்பறிவாளர். "ஆளைக் கொன்னு, கையைக் கழுவிட்டு, நிதானமா உறை மாத்தியிருக்கான். பிளாஸ்டிக் வெள்ளியைக் கெடுக்கும்னு தெரிஞ்சவன்."

பேசிக்கொண்டே அவர் ஒரு காசை அவள் கணவனிடம் நீட்டி, அதில் படிந்திருந்த பச்சையைத் துடைக்கச் சொன்னார். லாரி ஓட்டும் மனிதன். யோசிக்காமல் கால்சட்டையில் வைத்து அழுத்தித் தேய்த்தான்.

கடைக்காரர் பாய்ந்தார். அவன் கழுத்தை நெரித்துத் தலையைச் சுவரில் மோதினார். பிரித்தெடுக்க மூன்று போலீஸ்காரர்கள் வேண்டியிருந்தது.

"கீறல் விழுதுடா, பாவி," என்று மூச்சிரைத்தார். "புது உறை கொண்டுபோய்க் கெஞ்சினேன். என் காசு, நான் எப்படி வேணா வெப்பேன்னு சிரிச்சான்."

விலங்கு மாட்டியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார். "இனிமே இது உங்களுது. ஓரத்தைப் பிடிச்சு எடுங்கம்மா, விரல் படக்கூடாது."

அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் அவரை அறைந்தாள். கை மரத்துப்போகும்வரை அறைந்தாள், யாரும் தடுக்கவில்லை.