ரெட்டைப் பதிவு

"ஐயோ...! யாராச்சும் ஓடியாங்களேன்...! சார் செத்துக் கெடக்குறாரு...!"

பத்து பெரண்டாம் என்ற ஊரில் இருந்த அந்தத் தனியார் கல்லூரியே கிடுகிடுத்தது. காலையில் கூட்டிப் பெருக்க வந்த ஜெயா துடைப்பத்தை வீசிவிட்டு ஓடினாள்.

டேட்டாபேஸ் லேப்பில் குப்புறக் கிடந்தார் டாக்டர் திலீப். முதுகலை மாணவர்களுக்கு உயர்நிலை டேட்டாபேஸ் பாடம் நடத்தியவர். மண்டை பிளந்திருந்தது.

கொன்றது யார்?

கவிநேசன்!

ஆமாம், ஒளிவுமறைவே வேண்டாம். திலீப்பின் மாணவன். குருபோங்கில் வீடு, ஒரு மைவி கார், தலை நிறையக் கர்வம். தன்னைத் தவிர ஊரில் எல்லோரும் முட்டாள்கள் என்பது அவனுடைய தீர்மானம்.

ஒரே தகவல் இரண்டு முறை பதிவாகியிருந்தால் அதைக் கண்டுபிடித்து ஒன்றை அழிப்பது எப்படி? இதுதான் அவன் ஆராய்ச்சி. அந்த ஆராய்ச்சியே உடன் படிக்கும் ஷாந்தினியிடமிருந்து திருடியது! காப்பியை ஒழிக்கக் கிளம்பிய மகானுபாவன் அடித்ததே காப்பி!

திலீப் நேற்று மாலை அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"நாளைக்கே கமிட்டிக்கு ரிப்போர்ட் பண்றேன். ஒனக்கு டிகிரி கெடையாது, போ!"

சொல்லிவிட்டுத் திரும்பினார். சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டர் அவர் தலையில் இறங்கியது.

அப்புறம் கவிநேசன் நிதானமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தான். லேப்புக்குள் நுழைய வேண்டுமானால் கதவில் கார்டு தட்ட வேண்டும். தட்டினால் பெயர் பதிவாகும். அவன் தன் பெயரை அழித்தான். அழித்ததை மீட்கும் வசதியைக் கல்லூரி எப்போதோ நிறுத்தி வைத்திருந்தது. மிச்சம் இருந்தவர்கள்... திலீப்! அவரைப் பார்த்துவிட்டுப் போன ஷாந்தினி!

பழி போய் விழ ஒரு தலை தயார்.

அத்தோடு அவன் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. திரையில் எதுவோ அவன் கண்ணை உறுத்தியது...

"பசியாறிட்டீங்களா, தம்பி?"

இன்று காலை லேப் வாசலுக்கு வரவழைத்த கவிநேசனிடம் இன்ஸ்பெக்டர் உஷாராணி கேட்டார். பின்னால் சார்ஜன்ட் பவன், கையில் மடிக்கணினியோடு.

'இந்த அம்மாவா என்னைப் பிடிக்கப் போகுது?' கவிநேசன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"ஆச்சு, புவான்" என்றான், 'மேடம்' என்பதை மலாயில். "ஷாந்தினியப் புடிச்சிட்டீங்களாமே?"

"போலீஸ் பாலாய்ல உக்கார வச்சிருக்கோம். நேத்து அவ வந்தது பதிவாயிருக்கு. தீசிஸ் குடுக்க வந்தேங்குறா."

"தோட்டத் தொழிலாளி வீட்டுப் பொண்ணு புவான். மாஸ்டர்ஸ் வரைக்கும் வந்ததே பெருசு. சார் ஃபெயில்னு சொல்லிருப்பாரு, ஆத்திரத்துல அடிச்சிருப்பா லா."

"நீங்க நேத்து வரலியா?"

"வரவே இல்ல. பதிவப் பாருங்க. டேட்டாபேஸ் பொய் சொல்லாது!"

"எனக்குக் கம்ப்யூட்டர்னாலே தல சுத்தும், தம்பி. ஒரு சின்ன சந்தேகம். ஒங்க கார்டக் கொஞ்சம் தட்டுங்களேன்."

அலட்சியமாகத் தட்டினான்.

பீப்!

பவன் திரையைத் திருப்பிக் காட்டினார்.

கவிநேசன்... கவிநேசன்...

"இது என்னா, ஒரு தட்டுக்கு ரெண்டு பேரு?"

"மெஷின் பழசு லா, புவான். ஒரு தடவ தட்டுனா ரெண்டு தடவ ஏறும். ஆபீஸ்ல யாரு அதெல்லாம் ரிப்பேர் பண்றாங்க?"

"அதான் பாத்தேன்! போன வாரம் பூரா ரெட்டை. முந்தாநாளும் ரெட்டை. காலையில ஜெயா வந்ததும் ரெட்டை. நேத்து மட்டும் எல்லாம் ஒத்தை ஒத்தையா, அம்புட்டு சுத்தமா இருக்கே... எப்புடி?"

கவிநேசன் திரையை எட்டிப் பார்த்தான்.

நேற்று அந்த ரெட்டைப் பதிவுகளைப் பார்த்ததும் கை அரித்திருந்தது. பிணத்தைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, நேற்றைய பதிவு முழுவதையும் உட்கார்ந்து சுத்தம் செய்துவிட்டான். வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவி வைக்காதவன்! படித்த படிப்பு அப்படி.

"அ... அவதான் பண்ணிருப்பா, புவான்!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போய்க் கேட்டேன். ரெட்டையத் தூக்குறதுக்கு கியூரின்னு என்னமோ கட்டளையாம், அத எழுதுனது நாந்தான்னு டக்குனு சொல்லிட்டா."

கவிநேசனுக்கு மூச்சு வந்தது. மாட்டிக்கொண்டாள் முட்டாள்! இனி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கேஸ் முடிந்தது.

"மூளைக்காரி, தம்பி! பொணத்தப் பக்கத்துல வச்சிக்கிட்டு இவ்ளோ நேர்த்தியா வேல செஞ்சிருக்கா. இந்தக் காலேஜ்ல வேற யாராலயும் முடியாதாம். இங்க இருக்குறவங்ககிட்ட நான் ஒங்க பேரக்கூட சொல்லிக் கேட்டேன்..."

"என்னா சொன்னாங்க?"

"கவிநேசனா? சான்ஸே இல்லன்னாங்க. சிரிச்சாங்க."

கவிநேசனின் காது மடல் சிவந்தது.

"யாரு சிரிச்சது? அந்த ஷாந்தினிக்கு என்னா தெரியும்? நாலு வரி ஒழுங்கா எழுத வராது அவளுக்கு! மொதப் பதிவ அப்படியே விட்டுட்டு ரெண்டாவத மட்டும் தூக்கணும்... அவ எங்க, நான் எங்க? நேத்து இங்க ஓடுனது என்னோட கியூரி! நான் ஓட்டுனது!"



பவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, ஒலிப்பதிவை நிறுத்தினார்.

கவிநேசனின் முகம் வெளிறியது.

"அவ... அவ ஒத்துக்கிட்டான்னு சொன்னீங்களே...!"

"எழுதுனத ஒத்துக்கிட்டா. அவ தீசிஸ்ல எழுதுனா. நீங்க அதக் காப்பியடிச்சீங்க. ரெண்டு தீசிஸும் சார் மேசையிலதான் கெடந்துச்சு, வரிக்கு வரி ஒன்னு போலவே! பதிவுல இருந்த ரெட்டையெல்லாம் தேடித் தேடி அழிச்சவரு, மேசையில கெடந்த ரெட்டைய விட்டுட்டீங்களே!"

வெளியே தேடப் போயிருந்த போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"புவான், இவரோட மைவி பின்பெட்டியில சிலிண்டர் கெடச்சிருச்சு. ரத்தத்தக்கூடத் தொடைக்கல."

விலங்கு மாட்டப்பட்டது. கவிநேசன் தலையைத் தொங்கப் போட்டான்.

"ஷாந்தினிய விட்டுருங்க பவன். பாவம், பசியாறக்கூட இல்ல" என்ற உஷாராணி கவிநேசன் பக்கம் திரும்பினார்.

"திருட்டுக்கு ஒன்னு, கொலைக்கு ஒன்னு. பாலாய்லயும் ஒங்க பேரு ரெண்டு தடவ ஏறப் போகுது, தம்பி. கை அரிச்சாலும் அழிக்க முடியாது... வெலங்கு போட்டாச்சு!"