நுரையாற்றங்கரைத் தேறல்

கார்காலம் கழிந்து வானம் கழுவிவிட்டாற்போல் துலங்கிய ஒரு பௌர்ணமி நாளின் அந்திப்பொழுதில், மேற்கே வேங்கைமலையின் பின்னால் செங்கதிரோன் இறங்கிக்கொண்டிருக்க, கிழக்கே மருதநாட்டுத் தென்னந்தோப்புகளுக்கு மேலே முழுமதி எழுந்துகொண்டிருந்தது. இரண்டு ஒளியையும் ஒருசேர ஏந்திக்கொண்டு, பாதி பொன்னாகவும் பாதி வெள்ளியாகவும் சலசலத்து ஓடிய நுரையாற்றின் எழிலை, அன்பு வாசகர்களே, நாமும் சற்று நின்று பார்த்துவிட்டுப் போவதில் குற்றமில்லை. ஆனால் அன்று அதன் மேற்குக் கரையில் நின்ற இருவருக்கு ஆற்றின் அழகைப் பார்க்க மனம் இருக்கவில்லை.

ஒருத்தி, வேங்கைமலைத் தலைவர் வேள் நெடுவேங்கையனாரின் மகள் காந்தளங்கோதை. மற்றவன், எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மூட்டை உப்போடு மலையேறி வந்து, பூதன் என்று பெயர் சொல்லிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட உமணன், அதாவது உப்பு வணிகன். இருவருக்கும் நடுவே, மூங்கில் குழாய்கள் பன்னிரண்டு பாறைமேல் வரிசையாகச் சாய்ந்திருந்தன. அவற்றுள் இருந்தது தேறல். மலைத்தேனைப் புளிக்கவைத்து, தெளியவைத்து எடுத்த மது.

"எதிர்க்கரையைப் பாரும், உமணரே! மருதநாட்டு மன்னர் பொன்மாறரின் பாசறை. அவர் இன்று இந்தத் தேறலைப் பருகி முடித்தால் துறை திறக்கும். கிண்ணத்தைக் கீழே வைத்தால் போர்முரசு ஒலிக்கும். நீரோ எதுவும் நடவாததுபோல் நிற்கிறீர்!" என்றாள் கோதை.

"நடுங்குகிறேன், நங்கையே. வெளியில் தெரியவில்லை, அவ்வளவுதான்" என்றான் பூதன்.

அவன் சொன்னது முற்றிலும் மெய். அவன் நடுக்கத்துக்குக் கோதை அறியாத காரணமும் ஒன்று இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மலைநாட்டாரின் நட்புக்கு அடையாளமாகக் கோதை தன் கையால் வடித்த தேறலைப் பொன்மாறரின் அவைக்கு அனுப்பிவைத்தார் வேள். அங்கே அரசர் அருந்தும் யாவற்றையும் முதலில் சுவைத்துச் சொல்லும் அதிகாரி ஒருவர் இருந்தார். 'அறுசுவை மாராயர்' என்பது அவருடைய பட்டம். அவர் ஒரு வாய் அருந்திவிட்டு, "இது தேனைக் காட்டி எடுத்த தண்ணீர்" என்று சொல்ல, அவை சிரித்தது; குடம் திரும்பி வந்தது. வேள் சினங்கொண்டு தெப்பங்களைக் கரையேற்றித் துறையை அடைத்தார். அன்றுமுதல் மலைக்கு உப்பு ஏறவில்லை. சமவெளிக்குத் தேன் இறங்கவில்லை. இரு கரையிலும் உறவு முறிந்தவர்கள் எத்தனையோ பேர். முதியோர் பலர் தூது நடந்த பிறகே, பொன்மாறர் இம்முறை தாமே வந்து தேறலை அருந்திப் பார்ப்பதென்று உடன்பாடு ஏற்பட்டிருந்தது.

அடைபட்ட துறையை விட்டுக் காட்டுவழியாகச் சுற்றி மலைக்கு வந்த பூதன், முதல் நாளே கோதையின் தேறலைச் சுவைத்துவிட்டு, "மணம் இருக்கிறது. கனம் இல்லை. நாவைத் தொட்டதும் ஓடிவிடுகிறது" என்றான். அவள் சீறினாள். மறுநாளே இருமடங்கு தேன் ஊற்றிப் புதுப்பானை வைத்தாள். அது பாகுபோல் நாவில் ஒட்டிக்கொண்டது.

"இனிப்பு வேறு, கனம் வேறு, நங்கையே!" என்று அவன் சிரித்தபோது, அகப்பை அவன் காதோரமாகப் பறந்தது.

அதன்பின் இருவரும் சேர்ந்தே பானைகளோடு போராடினார்கள். தேனைக் கொதிக்கவிடாமல் வெதுவெதுப்பான சுனைநீரில் கரைத்தார்கள். ஒரேயடியாகக் கொட்டாமல் மும்முறையாகப் பிரித்துச் சேர்த்தார்கள். உலர்ந்த பலாச்சுளைகளை இட்டார்கள். துவர்ப்புக்காக வேங்கைமரச் சீவலைப் போட்டு ஏழு நாள் மறந்துவிட, அந்தப் பானை முழுவதும் கசந்து பன்றிகளுக்குப் போயிற்று. பிறகு இரண்டே நாள் வைத்தார்கள். இனிப்பு முழுவதும் புளித்துத் தீருமுன் பானையைக் குளிர்ந்த சுனைக்குள் இறக்கினார்கள். அடியில் படிந்த வண்டலை உடனே நீக்காமல் அதன்மேலேயே சில வாரம் கிடக்கவிட்டார்கள். தெளிந்ததை முற்றிய மூங்கிலில் அடைத்து மண்ணில் புதைத்தார்கள். இவ்வளவுக்கும் இடையே பானைகளைக் காட்டிலும் வேகமாக வேறொன்று இருவர் நெஞ்சிலும் நுரைத்துப் பொங்கியது. அதை இருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மன்னரின் தெப்பம் கரை சேர்ந்தது. கொம்புகள் முழங்கின. பொன்மாறர் பந்தலில் அமர்ந்தார். எதிரே வேள் நெடுவேங்கையனார். கோதை குழாயைச் சாய்த்தாள். பொன்னிறத் தேறல் தளதளவென்று கிண்ணத்தில் இறங்கியது.

"சுவைத்துச் சொல்ல ஆள் இல்லையே!" என்றார் மன்னர். "எம்முடைய அறுசுவை மாராயர் தீர்த்தயாத்திரை போய் எட்டு மாதமாகிறது."

"போகவில்லை, அரசே" என்ற குரல் குழாய்களின் பின்னாலிருந்து வந்தது.

பூதன் முன்னே வந்து தலைப்பாகையை அவிழ்த்தான். மன்னர் பீடத்திலிருந்து பாதி எழுந்துவிட்டார். "மாராயரே! நீரா?"

மலைவீரர்களின் கைகள் வாளுக்குப் போயின. கோதையின் முகம் வெளிறி, மறுகணமே சிவந்தது.

"நீர்தானா அவர்?" என்றாள், மூச்சுக்குள்.

"நானேதான், நங்கையே. அன்று சொன்னது மெய். சொன்ன விதம் கொடிது. அவை சிரிக்க ஒரு சொல் சொன்னேன். அதனால் ஒரு துறையே அடைபட்டது. ஊருக்கு ஊர் அதன் துயரைக் கண்டபின் உறக்கம் பிடிக்கவில்லை. என் பெயரைச் சொல்லி வந்திருந்தால் நீங்கள் பானையைக் காட்டியிருக்க மாட்டீர்கள். என் தலையைத்தான் கேட்டிருப்பீர்கள்." பின் அரசரை நோக்கிக் கைகூப்பினான். "அரசே, இதில் என் கையும் பட்டிருக்கிறது. ஆகவே தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. தங்கள் நாவே சொல்லட்டும்."

பொன்மாறர் ஒரு மிடறு பருகினார். உடனே விழுங்கவில்லை, வாயிலேயே நிறுத்தினார். கண்கள் மெல்ல மூடின. பிறகு கிண்ணம் உயர்ந்து, இன்னும் உயர்ந்து, கவிழ்ந்தது. காலிக் கிண்ணத்தை வேளிடமே நீட்டி, "அண்ணா, இன்னொன்று!" என்றார்.

எழுந்த ஆரவாரத்தில் ஆற்றங்கரை மரங்களில் அடைந்திருந்த நாரைகளெல்லாம் சிறகடித்து எழுந்தன. வேள் எழுந்து மன்னரைத் தழுவிக்கொண்டார். தெப்பங்களை நீரில் தள்ள இளைஞர்கள் கூச்சலிட்டு ஓடினார்கள்.

சற்று நேரம் கழித்து வேள், "மகளே, பொய்ப்பெயரில் வந்த இவரை என்ன செய்யலாம்?" என்றார், புன்னகையை மீசைக்குள் மறைத்தபடி.

கோதை ஒரு கிண்ணத்தை நிரப்பி அவன்முன் நீட்டினாள். "முதலில் இந்த ஆற்றின்மேல் ஆணையிடும், இனி என்னிடம் பொய் சொல்வதில்லை என்று."

"நுரையாற்றின்மேல் ஆணை!"

"இப்போது அருந்திவிட்டுச் சொல்லும். இதில் குறை உண்டா?"

அவன் அருந்தினான். நெடுநேரம் யோசித்தான். எல்லோரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"உண்டு" என்றான் கடைசியில். "இன்னும் ஒரு மழைக்காலம் மூங்கிலில் உறங்கியிருக்க வேண்டும்."

வேளின் மீசை துடித்தது. மன்னர் நெற்றியில் அடித்துக்கொண்டார். கோதையோ கலகலவென்று நகைத்தாள்.

"எனக்கும் அப்படித்தான் பட்டது. அப்படியானால் அந்த மழைக்காலத்துக்கு நீர் இங்கேதான் இருந்தாக வேண்டும்" என்று சொல்லி, நாடிரண்டும் பார்த்திருக்க அவன் கரத்தைப் பற்றினாள்.