பூஞ்சை பிடித்த சாட்சி

“படச்சுருளை உடனே எரிக்கச் சொல்லிட்டார் எங்க காப்பகத் தலைவர், மேடம். மத்தியானம் விசாரணை. நான் எதைக் கொண்டுபோய்க் காட்ட?”

படக் காப்பகத்தின் காப்பாளரான அந்தப் பெண் மூச்சிரைக்க நின்றாள். அவள் மேசைமேல் வைத்த தகர டப்பாவில் இருந்தது ஒரு பழைய செய்திப்படம். நூற்பாலை தீப்பிடித்த அன்று எடுத்தது. ஆலைக் கதவு வெளியே பூட்டியிருந்ததா என்பதுதான் வழக்கு. உள்ளே சிக்கி இறந்தவர்களில் அவளுடைய அண்ணனும் ஒருவர்.

பூஞ்சை நிபுணர் கையுறை மாட்டிக்கொண்டு மூடியைத் திறந்தார். புளித்த நாற்றம் குப்பென்று அடித்தது. சுருள் முழுக்கப் பச்சைப் பூஞ்சை படர்ந்து, படலம் கூழாகி ஒட்டிக்கொண்டிருந்தது.

“சுருள் வைக்கிற குளிர் அறை மெஷின் ரிப்பேரா இருக்கும்க்கா,” என்றான் அவருடைய தம்பி. அக்காவுக்கு ஒரு வழக்கு வந்தால் தன் போட்டோ ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டு வந்து நிற்பவன். “மெக்கானிக்கைப் பிடிச்சா உண்மை வந்துடும்.”

“பக்கத்து டப்பாவெல்லாம் எப்படியிருக்கு?”

“புதுசு மாதிரி இருக்கு,” என்றாள் காப்பாளர்.

நிபுணர் மூடியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். உட்புறம் பளபளவென்றிருந்தது.

“இவ்வளவு பூஞ்சை இதுக்குள்ளயே வளர்ந்திருந்தா மூடியில ஒரு கறைகூடவா இருக்காது? எங்கயோ கெட்ட சுருளைக் கொண்டுவந்து இதுல போட்டிருக்காங்க. இது உங்க படமே இல்லம்மா.”

காப்பாளர் பொத்தென்று உட்கார்ந்தாள். “அப்ப என் படம்?”

“கெட்டுப்போனதை எங்க வைப்பீங்க?”

“பின்பக்க அறையில. மத்ததுக்கும் பரவிடும்னு மொத்தமா எரிச்சிடுவோம். இன்னிக்கு வண்டி வருது.”

“குளிர் அறைச் சாவி?”

“என்கிட்ட ஒண்ணு, தலைவர்கிட்ட ஒண்ணு.” அவள் குரல் தாழ்ந்தது. “ஆலை முதலாளி அவருக்கு மாமனார். ஆனா என் கையெழுத்து இல்லாம ஒரு சுருளும் வாசலைத் தாண்டாது.”

நிபுணர் எழுந்துவிட்டார். “அதான் வெளிய கொண்டுபோகலை. உள்ளேயே இடம் மாத்திட்டார். நல்லது குப்பை டப்பாவுல இருக்கு. ரெண்டையும் எரிச்சிட்டா கேக்க ஆளில்லை. தம்பி, காரை எடு.”

அவர்கள் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது குப்பை டப்பாக்களை ஏற்றிய வண்டி கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. தம்பி குதித்து அதன் முன்னால் போய் நின்றான். தலைவர் வேர்க்க விறுவிறுக்க ஓடிவந்தார்.

“டப்பாக்களைக் கொஞ்சம் திறந்து பார்க்கணும்,” என்றார் நிபுணர்.

“சுருள் மாறிப்போனதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?”

“மாறிப்போச்சுன்னு நாங்க யாரும் சொல்லலையே.”

காப்பாளர் வண்டியில் ஏறி ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒரு டப்பாவின் மூடியில் பூஞ்சை அப்பிக்கிடந்தது. உள்ளே இருந்த சுருளோ வழவழவென்று கறுப்பாக மின்னியது.

“பூஞ்சைத் தூள் கொஞ்சம் ஒட்டியிருக்கு. வளர நேரம் கிடைக்கலை,” என்று நிபுணர் அதைப் பதமாகத் துடைத்தார்.

காப்பகத்தின் விளக்கு மேசையில் சுருளை விரித்து, தம்பி உருப்பெருக்கியோடு குனிந்தான். “பூட்டு தெரியுதுக்கா. வெளிப்பக்கம்தான்.”

“ஜன்னல்ல யாராவது நிக்கிறாங்களா?” என்று கேட்டாள் காப்பாளர்.

அவன் உருப்பெருக்கியை ஜன்னல் பக்கம் நகர்த்தினான். “நாலஞ்சு பேர் நிக்கிறாங்க.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருப்பெருக்கிக்காகக் கையை நீட்டினாள்.