எடுத்த இடம்

ஸ்கேன் அறை தரைக்குக் கீழே இருந்தது. படி இறங்கும்போதே ஸ்பிரிட் வாசனையும் ஏசிக் குளிரும் முகத்தில் அடித்தன. புற்றுநோய் என்று என் கணவரின் இடது சிறுநீரகத்தை எடுத்துச் சில மாதங்கள் ஆகியிருந்தன. மிச்சம் மீதி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன்.

"உள்ள ஒண்ணுதான் சிஸ்டர் இருக்கு. சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்று ஊசி போட வந்த நர்சிடம் அவர் கடி ஜோக் அடித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தையல்காரி. இளைத்துக்கொண்டே போகும் மனிதரின் சட்டைகளைப் பிடித்துத் தைத்தே ஓய்ந்துபோயிருந்தேன். அதைவிட அந்தத் தழும்பு என்னைப் படுத்தியது. ஆறிய பிறகும் அந்த இடம் எந்நேரமும் ஈரத்துணி போல ஜில்லென்றே இருந்தது.

ஸ்கேன் முடிந்து அவர் உடை மாற்றப் போனதும், ஸ்கேன் எடுப்பவர் என்னைத் தனியாக உள்ளே கூப்பிட்டார்.

"ஏம்மா, அவருக்கு ஆபரேஷன் நிஜமாவே நடந்துச்சா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? தையல் பிரிச்சப்ப நான் பக்கத்துலதான் நின்னேன்."

திரையைக் காட்டினார். வலப்பக்கம் ஒரு சிறுநீரகம். இடப்பக்கமும் ஒன்று. அதில் அதே கட்டி.

"பழைய படமா இருக்கும்," என்றேன்.

"நானும் அப்படித்தாம்மா நினைச்சேன்." கட்டியின் ஓரத்தில் மின்னிய வெள்ளைப் பொட்டுகளைத் தொட்டுக் காட்டினார். "எடுக்கறப்ப ரத்தக் குழாயை அடைக்கப் போடற கிளிப் இதெல்லாம். பழைய படத்துல இது எப்படி இருக்கும்?"

எடுத்ததற்கு அடையாளமும் இருந்தது.

எடுத்ததும் இருந்தது.

"இன்னொரு தடவை எடுத்துப் பாத்துடறேன். அவர்கிட்ட ஒண்ணும் சொல்லிக்காதீங்க," என்று வெளியே போனார்.

நானும் திரையும் மட்டும். சுவருக்கு அப்பால் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. இந்த மனுஷன் இல்லாவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? கட்டியின் மேல் விரலை வைத்தேன்.

"அவரை விட்டுடு. என்கிட்ட வந்துடு."

காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து எல்லாத் தாயும் சொல்வதுதான். யாரும் வார்த்தையை எடைபோட்டுச் சொல்வதில்லை.

முனகல் நின்றது.

விரலுக்கடியில் கண்ணாடி ஈரத்துணி போல இருந்தது.

இரண்டாவது ஸ்கேனில் இடப்பக்கம் காலி. வெள்ளைப் பொட்டுகள் மட்டும். ஸ்கேன் எடுப்பவர் முதல் படத்தைத் திறந்தார். அதுவும் காலி. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மெஷின் கோளாறு என்று முணுமுணுத்தார். படங்களைப் பார்த்த டாக்டர், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, நிம்மதியாகப் போங்கள் என்றார்.

படியேறும்போது கணவர் பாதியில் நின்றார். "ஏய், இங்க தொட்டுப் பாரேன்."

தழும்பு கதகதப்பாக இருந்தது. எத்தனை நாள் ஏங்கியிருப்பேன் அந்தச் சூட்டுக்கு! பொலபொலவென்று அழுதுவிட்டேன்.

"லூசு, நல்ல சேதிக்கு யாராவது அழுவாங்களா?" என்று இடுப்பைச் சுற்றி அணைத்துக்கொண்டார்.

என் இடது விலாவுக்குக் கீழே அவர் கை நின்றது.

"என்ன, இந்தப் பக்கம் மட்டும் இப்படி ஜில்லுனு இருக்கு?"

"ஏசி காத்து. வாங்க, போலாம்," என்று அவர் கையை விலக்கினேன்.

உள்ளே ஏதோ மெதுவாகப் புரண்டு, வசதியாகப் படுத்துக்கொண்டது.