சிறிக்கு எடுத்து வைத்த சோறு

கத்தி நுனியால் காடையின் தீனிப்பையைக் கீறியபோது உள்ளேயிருந்து சோறு வந்தது.

நித்தியானந்தன் முதலில் புழு என்றுதான் நினைத்தான். சுட்டு விழுத்திய காடையின் கழுத்தடியில் இருக்கும் அந்தச் சின்னப் பையைக் கீறிப் பார்ப்பது வேட்டைக்குப் போகிறவர்களின் வழக்கம். உள்ளே என்ன விதை கிடக்கிறதோ, அது விளைகிற பக்கமாகப் போனால் மிச்சக் கூட்டம் அகப்படும். புல் விதை இருக்கும், எறும்பு இருக்கும், மணல் இருக்கும். இது வெந்த சோறு. சிவப்புக் குத்தரிசி. விரலில் எடுத்து நசுக்கினான், குழைந்தது.

"கிருஷ்ணா, இஞ்ச வா. இதைப் பார்."

கிருஷ்ணசாமி ஜீப்பின் நிழலிலிருந்து எழுந்து வந்தான். மலேசியாவிலிருந்து சிட்னிக்குப் படிக்க வந்து, கணக்காளனாகத் தங்கிவிட்டவன். உள்ளங்கையளவு குருவிக்காக ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்டி இந்தக் கல்லுக்காட்டுக்கு வருகிறவனுக்கு மூளை கிடையாது என்று நித்தியானந்தனைத் திட்டுவான், திட்டிக்கொண்டே கூடவும் வருவான்.

"எவனாவது கேம்ப் போட்டு ஆக்கியிருப்பான் லா. மிச்சத்தைக் கொட்டிட்டுப் போயிருப்பான்."

"குத்தரிசிச் சோறோ? இந்தப் பக்கத்திலயோ?"

கிருஷ்ணசாமி சுற்றிவரப் பார்த்தான். ப்ரோக்கன் ஹில் தாண்டி, தார் ரோடு முடிந்து, ஆட்டுப் பண்ணையின் கடைசி வேலியும் முடிந்த இடம் அது. செங்குத்தாக ஏறும் சிவந்த பாறை, இடுக்குகளில் ஊசிப் புல், அதற்கு மேலே வெறும் வானம். மனிதன் சமைத்துச் சாப்பிடுகிற இடமில்லை.

இரண்டாவது காடையைக் கீறினான். அதிலும் சோறு. சோற்றோடு அவிந்து ஊதிய வெந்தயம் நாலைந்து. மூக்கருகே கொண்டுபோனபோது இரத்த வாடைக்கு அடியிலிருந்து தேங்காய்ப்பால் சொதி மணத்தது.

நித்தியானந்தன் கத்தியைக் கீழே வைத்தான். அவன் மனைவி யோகாவின் சொதியில் எப்போதும் வெந்தயம் கூடிப்போகும். அவன் தம்பி சிறி அதைச் சொல்லிச் சொல்லியே அண்ணியைப் பகிடி பண்ணுவான்.

போன குளிர்காலம், தொண்ணூற்றொன்றில், இதே மலைக்குத்தான் சிறியும் வந்தான். ஒரு காடைக் கூட்டத்தின் பின்னால் முகட்டைத் தாண்டிப் போனவன் திரும்பவில்லை. பொலிஸ் வந்தது, ஹெலிகொப்டர் வந்தது, ஒரு சப்பாத்துக்கூடக் கிடைக்கவில்லை. ஆளை இனிப் பார்க்க முடியாது, அந்தியேட்டிச் சடங்கைச் செய்து முடியுங்கோ என்று கண்டவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நித்தியானந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உடம்பைக் காணாமல் எப்படிச் செத்தவன் என்று சொல்வது? ஸ்ட்ராத்ஃபீல்ட் வீட்டில் அன்றிலிருந்து ஒரு கட்டளை போட்டான். பொழுதுபட்டதும் சிறியின் இடத்தில் ஒரு கோப்பையில் சோறு போட்டு, கறி விட்டு, மூடி வைக்க வேண்டும். அவன் எந்த நேரமும் வரலாம், வந்தால் பசியோடு வருவான். காலையில் யோகா அதைக் குப்பையில் கொட்டுவாள். "அவனை விடுங்கோவன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். நித்தியானந்தன் பார்த்த பார்வையில் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மற்றவர்களுக்குக் காடை வேட்டை என்று சொல்லிக்கொண்டான். உண்மையில் அவன் இங்கே தேடி வந்தது தம்பியைத்தான்.

"உயிரோட இருக்கிறான்," என்றான். சொல்லும்போதே நெஞ்சு விம்மியது. வெந்தயமும் குத்தரிசியும் இந்தப் பாலைக்கு எப்படி வந்தன என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. "மேல எங்கயோ சமைக்கிறான். நான் ஏறிப் பாக்கிறன்."

"நித்தி, வேணாம். ரெண்டு பேருமா நாளைக்குப் போவோம்."

"நீ ஜீப்படியில நில். இருட்ட முந்தி வந்திடுவன்."

மலை ஏற ஏறச் செங்குத்தானது. பகல் முழுக்க வெயில் குடித்த பாறையின் சூடு உள்ளங்கை வழியே ஏறியது, ஊசிப் புல் கால்சட்டையைத் துளைத்துக் குத்தியது, ஒவ்வொரு அடிக்கும் சரளை பெயர்ந்து சலசலவென்று கீழே ஓடி எங்கோ ஆழத்தில் ஓய்ந்தது. முன்னால் காடைகள் ஓடின. தோளில் கிடந்த துவக்கைக் கண்டும் பறக்கவில்லை. ஓடி, நின்று, திரும்பிப் பார்த்து, அவன் கிட்டவந்ததும் மறுபடி ஓடின. காற்றில் இடைக்கிடை சொதி மணம் வந்து போயிற்று. பசியைக் கிளப்புகிற மணம். 

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, பிடித்த கல் கையோடு வந்தது.

விழுந்தான். அதிக தூரம் இல்லை என்று நினைத்தான். துவக்குத்தான் நெடுநேரம் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தது. எழுந்தபோது ஒரு வலியும் இல்லை. பயத்தில் மரத்திருக்கும் என்று தன்னையே தேற்றிக்கொண்டு ஏறினான்.

வெளிச்சம் மட்டும் மாறாமல் நின்றது. அதே மங்கல் மஞ்சள். பொழுது படவும் இல்லை, விடியவும் இல்லை. கீழே பார்த்தான், ஜீப் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது.

பிறகு ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. பெரிய விளக்கொன்று பாறையைத் தடவிக்கொண்டு வந்தது. என்னத்துக்கு ஹெலிகொப்டர்? கையை ஆட்டினான். விளக்கு அவன்மேல் ஏறி, நிற்காமல் கடந்து போயிற்று.

"நித்தி!" கிருஷ்ணசாமியின் குரல். தொண்டை கட்டிப்போன, அழுகிற குரல்.

"இஞ்ச நிக்கிறன்! கிருஷ்ணா, இஞ்ச!"

அந்தக் குரல் அவன் பக்கம் திரும்பவே இல்லை. தேய்ந்து, நின்று போயிற்று.

ஒரு காடை அவன் சப்பாத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கியது. காட்டுக் குருவி மனிதன்மேல் ஏறாது. மனிதன் என்று தெரிந்தால் ஏறாது.

மணம் இப்போது மிகக் கிட்ட.

பாறையில் ஒரு குகைவாய். உள்ளே ஒரு குவியல். அடியில் கறுத்துக் கல்லானது. அதன்மேல் பூஞ்சணம் பிடித்தது. அதற்கும் மேலே நேற்றையது. ஓராண்டு இரவுச் சாப்பாடு. சுற்றிவரக் காடைகள், சத்தமில்லாமல் கொத்திக்கொண்டிருந்தன.

குவியலுக்குப் பின்னால் சிறி.

இடுப்புக்குக் கீழே மடியக்கூடாத இடத்தில் மடிந்து கிடந்தான். தோல் காய்ந்து எலும்போடு ஒட்டியிருந்தது. வயிறு மட்டும் ஊதித் தெறிக்கிற மாதிரி நின்றது. கண்கள் உயிரோடு இருந்தன.

"சிறி."

"அண்ணா." காய்ந்த உதடு அசைந்தது. "ஆர் எனக்குச் சோறு போடுறது?"

"நாங்கள்தானடா. ஒவ்வொரு நாளும். நீ வருவாய் எண்டு..."

"நிப்பாட்டச் சொல்லுங்கோ."

நித்தியானந்தன் குவியலைப் பார்த்தான்.

"விழுந்த அண்டைக்கே முடிஞ்சிருக்கும். பொழுதுபடச் சோறு வந்திட்டுது. வந்தா வாய் தானாத் திறக்குது. சாக ஏலாமக் கிடக்கு, அண்ணா. ஏலுமானதைக் குருவியளுக்குத் தள்ளிவிடுறன். தள்ளத் தள்ள வருகுது."

நித்தியானந்தன் அழுதான். வாய்விட்டு அழுதான். அவன் கேட்டதெல்லாம் தம்பி உயிரோடு இருக்க வேண்டும் என்று மட்டுந்தான். இருக்கிறான்.

"போயிட்டு வாறன். இண்டைக்கே ஃபோன் எடுத்து அண்ணியிட்டச் சொல்லுறன். இனி வராது. சத்தியமா வராது."

திரும்பினான். கால் வரவில்லை. குனிந்து பார்த்தான். இடது குதிக்கால் முன்பக்கம் இருந்தது. முழங்காலில் துணியைக் கிழித்துக்கொண்டு எலும்பு. இரத்தம் எப்போதோ காய்ந்து கறுத்திருந்தது. வலிக்கவில்லை.

"அண்ணா," என்றான் சிறி. "நேரமாச்சு."

வெளிச்சம் இறங்கியது. காடைகள் கொத்துவதை விட்டுத் தலை நிமிர்ந்தன. குவியலின் உச்சியில், எங்கிருந்தும் விழாமல், ஆவி பறக்கச் சோறு வந்து இருந்தது. அதன்மேல் சொதி. சிறியின் கண்கள் இறுக மூடின. கன்னத்துத் தோல் வெடிக்க, வாய் அகலத் திறந்தது.

பக்கத்தில் வெறும் பாறை. அதிலும் ஆவி பறந்தது.

புதிதாக ஒரு பிடி சோறு. அருகில் கத்தரிக்காய்ப் பொரியல். கத்தரிக்காயைச் சிறி தொடவே மாட்டான். நித்தியானந்தனுக்குப் பிடித்தபடி, ஓரம் கருகப் பொரித்திருந்தாள் யோகா.

அவன் பல்லை இறுகக் கடித்தான். இரண்டு கையாலும் வாயைப் பொத்தினான். விரல்களைத் தள்ளிக்கொண்டு தாடை தானாகத் திறக்கத் தொடங்கியது.