அருவி போலீஸ் முப்பிடாதி

அந்த வருஷம் தென்காசியில் சாரல் எப்படிப் பெய்தது என்றால், கொடியில் போட்ட சட்டை காய்வதற்குள் சட்டைக்காரன் ஒரு சுற்று வளர்ந்துவிடுவான். வேறு சட்டை தைக்க வேண்டும். ஊரில் தையல்காரர்கள் மட்டும் சிரித்த முகமாக இருந்தார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை. தூறல் விட்ட நேரம் பார்த்து சுகிர்தம், அலிமா, வீரபாகு மூவரும் தெருவில் கூடினார்கள். இன்றைக்கு யார் யாராக வேஷம் கட்டி விளையாடுவது என்று முடிவு செய்ய வேண்டும். தெருவில் ஒரு வீட்டிலும் டிவி இல்லாத காலம். அதனால் இது பெரிய காரியம்.

"பஸ் விளையாட்டு! நான்தான் டிரைவர், நான்தான் கண்டக்டர்" என்றான் வீரபாகு. கழுத்தில் தொங்கிய தகர விசிலை ஓர் ஊது ஊதினான்.

"அப்போ நாங்க?" என்றாள் அலிமா.

"நீங்க பஸ்ஸைத் தள்ளணும்."

படார் என்று ஒரு சத்தம். எதிர்வீட்டு மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது.

அது முப்பிடாதியின் ஜன்னல். அவளுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருந்தார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அவள் கீழே வரக்கூடாது. பிள்ளைகள் யாரும் மேலே போகக்கூடாது.

சுகிர்தம் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றாள். "ஏட்டி முப்பிடாதி, ஜன்னலைத் தொற."

"மாட்டேன். நீங்க விளையாடுததை நான் எதுக்குப் பாக்கணும்?" குரல் மட்டும் வந்தது. "உடம்புல அம்மன் விளையாடுதா, நீ சும்மா படுன்னு எங்கம்மா சொல்லுதா. அம்மன் மட்டும் விளையாடலாம், நான் விளையாடக் கூடாதா?"

கேள்வி நியாயமானது. கடைசியில் குரல் உடைந்தும் போயிற்று. சுகிர்தம் திரும்பி வந்தாள்.

"அவளும் சேருத மாதிரி ஒரு விளையாட்டுதான் இன்னைக்கு."

"கல்யாண விளையாட்டு. அவதான் பொண்ணு" என்றாள் அலிமா.

"பொண்ணு மாடியில, மாப்பிள்ளை தெருவுல. தாலியைக் கல்லெறியுத மாதிரி எறியணுமா?" என்றான் வீரபாகு.

"அப்போ கள்ளன் போலீஸ்?"

"அவ கள்ளன்னா நம்மால பிடிக்க முடியாது. போலீஸ்னா அவளால பிடிக்க முடியாது."

அப்போது உச்சி முதல் பாதம் வரை எண்ணெய் தேய்த்து, தோளில் துண்டோடு நாலைந்து அண்ணாச்சிமார் குற்றாலம் பஸ்ஸுக்குப் போனார்கள். அவர்கள் மேல் உட்காரப் பார்த்த ஈயெல்லாம் வழுக்கி விழுந்தது.

சுகிர்தம் துள்ளினாள். "குற்றாலம் விளையாட்டு! அருவியில தண்ணி கூடுனா, விசிலடிச்சு எல்லாரையும் வெளியேத்த ஒரு போலீஸ் நிப்பார்லா? முப்பிடாதிதான் அது. போலீஸ் குளிக்க வேண்டாம், ஓட வேண்டாம். உசரத்துல நின்னு பாத்தாப் போதும்."

ஜன்னல் ஒரு விரற்கடை திறந்தது.

"போலீஸ் நான்தான்! விசில் எங்கிட்டல்லா இருக்கு!" என்றான் வீரபாகு.

"சரிலே, அப்போ மாடிக்கு ஏறு. அங்கன அம்மை இருக்கு."

வீரபாகு பின்னால் நகர்ந்தான்.

"விசிலை மட்டும் அனுப்பு" என்றாள் சுகிர்தம்.

"மேல போனா திரும்பி வராதுல்லா?"

"இப்போதைக்கு வராது." சுகிர்தம் பொய் சொல்லவில்லை. "ஆனா குற்றாலத்துல போலீஸைவிடப் பெரிய ஆளு யாருலே? அருவிதான? அது இல்லன்னா போலீஸுக்கு என்ன வேலை? நீதான் அருவி."

வீரபாகு யோசித்தான். "அருவி கத்தலாமா?"

"கத்தியே ஆகணும்."

விசில் கழுத்தை விட்டு இறங்கியது. மேலிருந்து கயிற்றில் ஒரு கூடை இறங்கியது. விசிலோடு கூடை ஏறியதும், ஜன்னல் முழுசாகத் திறந்து, புள்ளி புள்ளியாக ஒரு முகம் எட்டிப் பார்த்தது.

வீரபாகு மதில்மேல் ஏறி அருவியானான். வாய் ஓயாத பையனுக்கு அதைவிடப் பொருத்தமான உத்தியோகம் கிடையாது. அவன் போட்ட இரைச்சலைக் கேட்டு, நிஜ அருவி கொஞ்ச நேரம் வெட்கப்பட்டுச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டதாகக் குற்றாலத்தில் பேச்சு. கீழே சுகிர்தமும் அலிமாவும் தண்ணீர் இல்லாமலே நடுநடுங்கிக் குளித்தார்கள்.

மாடியிலிருந்து பறந்தது விசில் சத்தம்!

தெருமுனையில் இன்னும் பஸ்ஸுக்குக் காத்து நின்ற அண்ணாச்சிமார் அப்படியே பின்னால் துள்ளினார்கள். சீசன் நேரத்தில் விசில் கேட்டால், தென்காசிக்காரர் கால் யோசனை கேட்டுக்கொண்டு நிற்காது. ஒருவர்மேல் ஒருவர் வழுக்கி, மொத்தமாகச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டார்கள். தெருவில் வெள்ளமே இல்லை என்பது அப்புறம்தான் அவர்களுக்குத் தெரிந்தது.

"எவம்லே விசிலடிச்சது?" என்று திரும்பி வந்தார் ஓர் அண்ணாச்சி.

"நாந்தான், அருவி போலீஸ்! தண்ணி கூடுது. ஓரமா நில்லுங்க!"

அண்ணாச்சி வாசல் வேப்பிலையைப் பார்த்தார். புள்ளி முகத்தைப் பார்த்தார். மீசையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்.

"சரிங்க ஏட்டம்மா. எப்போ குளிக்கலாம்?"

"அருவிக்குத் தொண்டை கட்டுன பெறகு!" என்றாள் அலிமா.

முப்பிடாதி சிரித்த சிரிப்பில் விசில் தானாகவே கிறீச்சிட்டது. அண்ணாச்சிமார் மறுபடி துள்ளினார்கள்.

சாயங்காலம் சாரல் திரும்பப் பிடித்தது. உள்ளேயிருந்து அம்மா கூப்பிட்டாள்: "ஏட்டி, தண்ணி உள்ள அடிக்குது. ஜன்னலைச் சாத்து."

"எப்படிம்மா சாத்த?" என்றாள் முப்பிடாதி. "டூட்டியில இருக்கேம்லா!"