அடியில் உறவு உண்டு

புதிய குழிக்குள் இன்னும் ஒரு கூடைக் குப்பைகூட விழவில்லை. ஆனால் குழாய் கசிந்துகொண்டிருந்தது.

சேஷன் இரும்பு ஏணியில் இறங்கி, வடிநீர்க் கிணற்றின் அடியில் குந்தினான். மதியம் மூன்று மணிதான். தலைக்கு மேலே வட்டமாகத் தெரிந்த வானம் மழைக்குக் கறுத்திருந்தது. திருவனந்தபுரத்துக் குப்பை மேட்டை விரிவாக்கும் இந்தக் குழியை வரைந்தவன் அவன். களிமண், அதன்மேல் கறுப்பு பிளாஸ்டிக் ஷீட், ஷீட்டுக்கு மேலே குப்பைச்சாறு வடிய ஒரு குழாய், கீழே ஊற்று நீர் வெளியேற ஓட்டை போட்ட இன்னொரு குழாய். கசிந்தது கீழ்க்குழாய். ஊற்று நீர் என்றால் குளிர்ந்து தெளிந்து வரவேண்டும். இதுவோ வெதுவெதுப்பாக, ஆறிய கஞ்சிபோல் ஆடை கட்டி, சிக்குப் பிடித்த தேங்காயெண்ணெயும் அழுகிய இறைச்சியும் கலந்த வாடையோடு நூல் நூலாக இறங்கியது. கருமம், காலையில் விரலை வைத்துப் பார்த்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு மூன்று முறை கழுவியும் நகக்கண்ணில் அது இருந்தது. மனைவி விஜயம் கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தை நாய்க்குப் போட்டான். அவன் கை பட்டதை நாயும் தொடவில்லை.

ஐந்து மணிக்குள் சான்றிதழில் கையெழுத்துப் போடவேண்டும். போட்டால் நாளை லாரிகள் வரும். போடாவிட்டால் ஏன் என்று எழுதவேண்டும், ஆறு மாத வேலையைப் பெயர்த்தெடுக்கவேண்டும், அவன் பெயர் நாறிப்போகும்.

மேலே ஏறி வந்தபோது மாடம்மாள் நின்றிருந்தாள். தென்காசிப் பக்கம் அவளுக்கு. முப்பது வருஷமாக இந்த மேட்டடியில் குடியிருந்து மண் சுமக்கிறாள். ஊற்று இருப்பதாகச் சொன்னதே அவள்தான்.

"நீதானே சொன்னே, அடியில உறவ உண்டுன்னு? இதென்ன நாத்தம்?"

"ஆமா சாரே. உறவு உண்டுன்னுதான் சொன்னேன்."

"அதான், உறவ. ஊத்து."

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். "ஊத்தா? எங்க சொந்தக்காரங்க சாரே. பேதி வந்த வருசம் பதினோரு பேரு செத்தாங்க. நாய் தோண்டிரக் கூடாதுன்னு ரெண்டாள் ஆழத்துல இங்கதான் பொதைச்சோம். எங்க வீட்டுக்காரரும் உள்ளதான் கெடக்காரு. நீங்க எழுதிக்கிட்டீங்க. வேலி போட்டு ஒதுக்கிருவீங்கன்னு நெனச்சேன்."

சேஷன் தன் நோட்டைப் புரட்டினான். கரமனையில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்த காது. உறவ என்றால் அங்கே ஊற்று. அவள் சொன்ன உறவு அவன் நோட்டில் ஊற்றாகி, அந்த ஊற்றுக்காக அவனே குழாய் வரைந்து, பதினோரு பேரையும் வடியவிட்டிருந்தான்.

"நாளைக்கு அவுக மேல குப்பை கொட்டுவீங்களா?"

அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் பேனாவை எடுத்தான். ஊற்று நீர் மட்டும் வடிகிறது, பழுதில்லை என்று எழுதிக் கையெழுத்திட்டான்.

"வெறும் தண்ணிதாம்மா. நீ வீட்டுக்குப் போ."

"தண்ணின்னா ஒரு கை அள்ளிக் குடிச்சிட்டுப் போங்க சாரே," என்றாள் அவள், கோபமே இல்லாமல். பிறகு போய்விட்டாள்.

நாளைக்கு மேலதிகாரிகள் வந்தால் நாறும். பழைய சாக்கு ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி கிணற்றுக்குள் இறங்கினான். மூச்சைப் பிடித்துக்கொண்டு, சாக்கைச் சுருட்டிக் குழாய்க்குள் இரண்டு கையாலும் திணித்தான். அது முழங்கைவரை வழிந்தது. இன்னும் திணித்தான்.

கசிவு நின்றது.

மழை விழத் தொடங்கியது. குழாய்க்குள்ளே யாரோ விழுங்குவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. பிறகு பல. பிறகு ஒன்றுமில்லை.

ஏணியில் கை வைத்தான். வாயில் எச்சில் ஊறியது. துப்பினான். மறுபடி ஊறியது. வெதுவெதுப்பாக. கெட்டியாக. சிக்கு வாடையோடு.

வாயை மூடினான். நிற்கவில்லை. உதட்டோரம் வழிந்தது. மூக்கில் வழிந்தது.

நாக்கில் ஏதோ சுற்றியது. விரலை விட்டு எடுத்தான். மயிர். நரைத்த மயிர். இழுத்தான். ஒரு முழம். இரண்டு முழம். இன்னும் வந்தது. மறுமுனை கனத்தது. இழுப்பதை நிறுத்தினான்.

அது தானாகவே தொண்டைக்குள் ஏறத் தொடங்கியது.